டிபி மாத்திரைக்கு அடங்காத இருமல்

நாற்பதைத் தாண்டிய தையல்காரர் ஒருவர், மூன்று மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டுவிட்டு என்னிடம் வந்தார். சளியில் ரத்தம், காய்ச்சல், எடைக் குறைவு. சிடி ஸ்கேனில் நுரையீரல் முழுக்க முடிச்சுகள், சிலவற்றில் குழி. நம் ஊரில் இதைப் பார்த்ததும் காசநோய் என்று நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் இரண்டு முறை எடுத்த சளியிலும் கிருமி இல்லை, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையிலும் இல்லை.

“மூக்கு எப்படி இருக்குங்க?”

“அது ஒரு வருஷமாவே அடைப்புதான் டாக்டர். காலையில ரத்தத்தோட பொருக்கு வரும். சைனஸ்னு விட்டுட்டேன்.”

இருமலுக்கு வந்தவரிடம் மூக்கைப் பற்றி யார் கேட்பார்கள்? சிறுநீரைச் சோதித்தோம். புரதமும் ரத்த அணுக்களும் இருந்தன. சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 2.4.

மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் மூன்றும் சேர்ந்து பாதிக்கப்பட்டதால் எனக்கு வேறொரு நோய் மேல் சந்தேகம் வந்தது. உடலின் எதிர்ப்பு சக்தியே சிறு ரத்தக் குழாய்களைத் தாக்கும் நோய் அது. ஜிபிஏ என்போம். பழைய ரிப்போர்ட்டுகளில் ‘வெகனர்’ என்று இருக்கும். அந்த ஜெர்மன் மருத்துவரின் நாஜித் தொடர்பு தெரிந்தபின் 2011-ல் பெயரை மாற்றினார்கள்.

குழப்பம் வரக் காரணம், இரண்டு நோயிலுமே கிரானுலோமா என்ற திசுக்கட்டி உருவாவதுதான். ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பவும் முடியாது. ஜிபிஏவுக்குப் பார்க்கும் ஆன்கா, டிபி நோயாளிகள் சிலருக்கும் பாசிட்டிவ் காட்டும். டிபிக்குத் தோலில் போட்டுப் பார்க்கும் மாண்டோ ஊசியோ, கிருமி உள்ளே உறங்கிக் கிடந்தாலே தடிக்கும். அப்படிப்பட்டவர்கள் இங்கே ஏராளம்.

சரி, பயாப்ஸி? அதிலும் ஒரு சின்ன விஷயம் கெடுத்துவிடும். எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும்; அப்புறம் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் செய்ய வழியில்லை. ஒரு துண்டு ஃபார்மலினில், இன்னொன்று சலைனில் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அவசரத்தில் நானும் ஒருமுறை இதைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

எந்தப் பக்கம் தவறினாலும் ஆபத்துதான். டிபிக்கு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் கிருமி பரவும். ஜிபிஏவுக்கு டிபி மாத்திரையே கொடுத்துக்கொண்டிருந்தால் சிறுநீரகம் வலியில்லாமலே பாழாகும். இதைப் படித்துவிட்டு யாரும் டிபி மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள். இருமலோடு மூக்கில் ரத்தப் பொருக்கு, காது மந்தம், கண் சிவப்பு, மூட்டுவலி இருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனைக்குச் செலவு அதிகமில்லை.

தையல்காரருக்கு பயாப்ஸியில் ரத்தக் குழாய்ச் சுவரின் அழற்சி தெளிவாகத் தெரிந்தது. சிறுநீரகம் காத்திருக்காது என்பதால் ஸ்டீராய்டும், அதேபோல எதிர்ப்பு சக்தியை அடக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தும் தொடங்கினோம். ஆறு வாரம் கழித்து, சலைனில் அனுப்பிய துண்டில் கிருமி வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. கிரியாட்டினின் 1.6-ல் நிற்கிறது. மூக்குத்தண்டு மட்டும் உள்வாங்கிவிட்டது.