பெருங்குடல் புற்றுநோய் தோலில் முளைக்கும்போது

பெருங்குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கிருந்து இதயம் வழியாக நுரையீரல். பெருங்குடல் புற்றுநோய் பரவும்போது இந்த இரண்டு உறுப்புகளும் முதலில் பாதிக்கப்படுவது இதனால்தான். தோலுக்கு வந்து சேர, புற்றுச் செல்கள் இரண்டையும் தாண்ட வேண்டும். அல்லது நிணநீர், அறுவைக் காயம் என்று வேறு வழி பிடிக்க வேண்டும். ஆகவே தோல் பரவல் அரிது: 100 நோயாளிகளில் 6 பேருக்கும் குறைவு. வந்துவிட்டால், பெரும்பாலும் உள்ளுறுப்புகளிலும் நோய் பரவியிருக்கும்.

அதிகம் முளைக்கும் இடம் வயிற்றுத் தோல், அதிலும் பழைய அறுவைத் தழும்பு. கட்டியை வெளியே எடுக்கும்போது உதிரும் செல்கள் காயத்தில் ஒட்டிக்கொள்ளலாம். காயம் ஆறுவதற்காகச் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளே அவற்றையும் வளர்த்துவிடும். 1990களில் லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) புதிதாக வந்தபோது துளையிட்ட இடங்களில் கட்டி வந்தது பெரும் கவலையாக இருந்தது. கட்டியை நசுக்காமல் கையாள்வது, காயத்துக்கு உறையிட்டு அதன் வழியே எடுப்பது என்று முறைகள் சீராகின. 2004இல் வெளியான அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வில், லேப்ராஸ்கோப்பி, திறந்த அறுவை இரண்டிலுமே காயத்தில் நோய் திரும்பியது 1%க்கும் குறைவு.

தொப்புளில் வரும் கெட்டியான முடிச்சுக்குத் தனிப்பெயர் உண்டு. அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் அறுவை மருத்துவர் வில்லியம் மேயோவுக்கு உதவியாளராக இருந்த சிஸ்டர் மேரி ஜோசஃபின் பெயரை 1949இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹாமில்டன் பெய்லி அதற்குச் சூட்டினார்.

பார்வைக்கு இந்த முடிச்சுகள் சாதாரணமாகவே இருக்கும். வலி இருக்காது, தோல் நிறத்திலோ சிவந்தோ, கெட்டியாக இருக்கும். கொழுப்புக்கட்டி, சீழ்க்கட்டி, தழும்புக் குடலிறக்கம் என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பெருங்குடல் புற்றுநோய்க்கான செடுக்ஸிமாப் ஊசி போட்டுக்கொள்பவருக்கு முதல் இரண்டு மூன்று வாரங்களில் முகத்திலும் மார்பிலும் சீழ்ப்பருக்கள் வரும். அது மருந்தின் பக்கவிளைவு, பரவல் அல்ல. பெருங்குடல் புற்றுநோய் வந்த ஒருவருக்குப் புதிதாக ஒரு கெட்டி முடிச்சு வந்து நிலைத்துவிட்டால் பயாப்சி (திசு எடுத்துச் சோதிப்பது) செய்தே தீர வேண்டும்.

மேலோட்டமாகச் சுரண்டி எடுத்தால் பயாப்சி ஏமாற்றிவிடும். புற்றுச் செல்கள் தோலின் அடி அடுக்கிலும் அதற்குக் கீழுள்ள கொழுப்பிலும் இருக்க, மேல்தோல் நலமாகவே தெரியும். ஆகவே கொழுப்புவரை ஆழமாக எடுத்து உடனே திசுவைக் கெடாமல் காக்கும் 10% ஃபார்மலினில் போட வேண்டும். நாள்கணக்கில் அதிலேயே கிடந்தால் டிஎன்ஏ துண்டு துண்டாகி மரபணுச் சோதனை தோற்றுவிடும். செல்களில் சைட்டோகெரட்டின் 20, சிடிஎக்ஸ்2 என்ற இரண்டு புரதங்களும் இருந்து சைட்டோகெரட்டின் 7 என்ற புரதம் இல்லாவிட்டால், மூலம் குடல் என்ற சந்தேகம் வலுக்கிறது.

தோலுக்குப் பரவச் செய்யும் தனி மரபணு என்று எதுவும் உறுதியாகவில்லை. பெருங்குடல் புற்றுநோயின் வழக்கமான பிறழ்வுகளே இங்கும் தென்படுகின்றன: ஏபிசி, டிபி53, கேராஸ், பிராஃப் மரபணுக்களில். ஆனால் சிகிச்சை இவற்றை வைத்தே முடிவாகிறது. கேராஸ், என்ராஸ் மரபணுக்களில் பிறழ்வு இருந்தால் பொதுவாகச் செடுக்ஸிமாப் தனியாகப் பயன்படாது. பிராஃப் மரபணுவில் வி600ஈ என்ற பிறழ்வு இருந்தால் எங்கோராஃபெனிப் என்ற மருந்தும் செடுக்ஸிமாபும் சேர்த்துத் தரலாம். டிஎன்ஏ பிழைதிருத்தும் புரதங்கள் இல்லாத கட்டிக்கு, அது பரவிய நிலையில் இருந்தாலும், நோயெதிர்ப்பைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்து நல்ல வாய்ப்பு. முதல் கட்டியின் மாதிரி பழசாகிப்போயிருந்தால், எளிதில் கைக்கெட்டும் தோல் முடிச்சே சோதனைக்குப் போதும்.

தோலில் தெரிவதெல்லாம் பரவலும் அல்ல. பிறவியிலேயே எம்எஸ்எச்2 போன்ற பிழைதிருத்தும் மரபணு பழுதாகி, குடல் புற்றுநோய்க்கு இடம்தரும் லிஞ்ச் நோய்க்குறியின் ஒரு வகையில், முயர்-டோரேயில், தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலேயே தனியாகக் கட்டி வரும். ஏபிசி பழுதான கார்ட்னர் நோய்க்குறியில் சிறுவயதிலேயே தோலில் பைபோன்ற கட்டிகள் தோன்றும். சில சமயம் குடல் புற்றுநோய் தெரியவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இவை வந்துவிடும். எண்ணெய்ச் சுரப்பிக் கட்டி உறுதியானால் பிழைதிருத்தும் நான்கு புரதங்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். பரம்பரைப் பழுது உறுதியானால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். எம்எஸ்எச்2 பழுது உள்ளவர்கள் 20 முதல் 25 வயதுக்குள் கொலோனோஸ்கோப்பியை (பெருங்குடலை உள்ளே பார்க்கும் சோதனை) தொடங்கி, 1 அல்லது 2 ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும்.