பேரக்குழந்தையின் நாக்கில் முதல் சொட்டு

பிரசவ வார்டில் ரவுண்ட்ஸ் போகும்போது தாத்தாக்களின் சட்டைப்பையை ஒரு கண் பார்த்துவிடுவேன். பல வருடப் பழக்கம். குழந்தை மருத்துவராக வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பக்கம், பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டாகத் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ தொட்டுச் சேனை வைக்காத குடும்பம் குறைவு.

அப்படித்தான் ஒரு பெரியவரைப் பார்த்தேன். முதல் பேத்தி, பிறந்து ரெண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. கொல்லிமலையில் தெரிந்தவரிடம் சொல்லிவைத்து வாங்கிய தேன். பழைய இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதில் ஊற்றி, மூடிக்கு மேல் வெள்ளைத் துணி சுற்றி நூலால் கட்டியிருந்தார். "ஒரே ஒரு சொட்டு டாக்டரம்மா, நாக்குல தொட்டு வச்சா போதும். எங்க வீட்ல எல்லாருக்கும் எங்கப்பாதான் வச்சாரு, இவளுக்கு நான் வைக்கணும்" என்றார். அந்த நூல்கட்டைப் பார்த்ததும் வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை.

சேனை வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால்தான் வீட்டில் யார் மரியாதையாக வாழ்ந்தவரோ அவரைக் கூப்பிட்டு வைக்கச் சொல்கிறார்கள். எத்தனை பெரிய கௌரவம் அது! சும்மா "மூடநம்பிக்கை" என்று தள்ளிவிட்டுப் போனால், நான் வார்டை விட்டு வெளியே வந்த அடுத்த நிமிடம் சேனை வைத்துவிடுவார்கள், என்னிடம் சொல்லவும் மாட்டார்கள்.

அதனால் உட்கார்ந்து பேசினேன். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் பொதுவாக அது முளைக்காது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைக் கக்கலாம். மலச்சிக்கலில் ஆரம்பித்து, அழுகைச் சத்தம் குறைந்து, பால் சப்பத் தெம்பில்லாமல், உடம்பு துவண்டு, மூச்சு விடவே சிரமப்படுகிற நிலைக்குப் போகலாம். அரிதாக வருவதுதான், ஆனால் எந்த பாட்டிலில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கலப்படமில்லாத மலைத்தேன் என்றாலும் இருக்கலாம், வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. சர்க்கரைத் தண்ணீருக்கும் கழுதைப்பாலுக்கும் வேறு ஆபத்து: கிருமித்தொற்றும் வயிற்றுப்போக்கும். போதாததற்கு, பசி மந்தித்துப்போய்க் குழந்தை மார்பில் வாய் வைக்காமல் தூங்கிவிடும்.

"அப்ப முதல்ல எதைத்தான் வைக்கறது?" என்றார்.

தாயிடம் முதலில் சுரக்கும் சீம்பால்தான் சேனை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள், சிசேரியன் என்றாலும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். மஞ்சளாக, கட்டியாக, கொஞ்சமே வரும். "இது பழைய பால், பீச்சிக் கீழே விட்டுடு" என்று சொல்கிற பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி கொட்டிக்கிடப்பது அதில்தான். முதல் நாள் ஒரு தடவைக்குக் குழந்தை குடிப்பதே 2 முதல் 10 மில்லிதான். அதாவது, பெரும்பாலும் ரெண்டு டீஸ்பூனுக்குள்.

அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் பாட்டிலைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். பேத்தியின் காதில் பெயரை முதலில் நீங்கள் சொல்லுங்கள் என்றேன். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டபடி ரொம்ப நேரம் நின்றார்.

இதையெல்லாம் வார்டில் வைத்துப் பேசுவது தாமதம் என்பது என் அபிப்பிராயம். வளைகாப்புக்கு மண்டபம் பார்க்கிறோம், கலவைச் சாதம் எத்தனை வகை என்று சம்பந்திகள் போன் போட்டுப் பேசுகிறோம். அதே போனில், சேனை வைக்கப் போவதில்லை, குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூடக் கிடையாது என்று ரெண்டு வீட்டாரும் பேசி முடித்துவிடலாமே. இல்லையென்றால் தையல் வலியோடு படுத்திருக்கும் அந்தப் பெண்தான் அம்மாவுக்கும் மாமியாருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வாள்.

அப்புறம், ரெண்டாம் நாள் ராத்திரி. இதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சமர்த்தாகத் தூங்கிய குழந்தை அன்றைக்கு விடிய விடிய அழும், எடுத்தால் குடிக்கும், படுக்கவைத்தால் அழும். "பால் பத்தல" என்ற வார்த்தை அப்போதுதான் முதலில் காதில் விழும், பெரும்பாலும் பாட்டி வாயிலிருந்து, பிள்ளை பசியோடு கிடக்கிறதே என்ற பதைப்பில். உடனே யாராவது பவுடர் பால் வாங்க ஓடுவார்கள். சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும்; புட்டிப்பால் கொடுத்தால் சப்புவது குறையும், சுரப்பதும் குறையும். மூன்று நான்கு நாளில் பால் நன்றாகச் சுரக்க ஆரம்பிக்கும். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவதும் இயல்பு, ரெண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். பத்துகிறதா என்று பார்க்க அழுகையை எண்ணாதீர்கள், ஈரத்துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது சிறுநீர் போனால் பால் பத்துகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். போகவில்லையென்றால் எங்களிடம் கொண்டுவாருங்கள்.

அந்த ராத்திரியில் பாட்டி செய்யக்கூடிய பெரிய உதவி, மகளுக்கு முதுகில் தலையணை முட்டுக் கொடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்து, "வரும்டா, பயப்படாத" என்று சொல்வது. தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று பச்சை உடம்புக்காரியைக் காயப்போடாதீர்கள். பூண்டுக் குழம்பெல்லாம் தாராளமாகக் கொடுங்கள். சாதத்தை அளந்து போடுவதுதான் கூடாது.

குளிப்பாட்டுவதில் ஒரே ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாக மாறலாம். பிறந்த குழந்தைக்கு, ஆண் பிள்ளைக்கும்கூட, மார்பு லேசாக வீங்கியிருக்கும். தாயின் ஹார்மோனால் வருவது, தானாக வற்றிவிடும். அதைப் பிதுக்கிப் "பால் எடுத்து"ச் சீழ் கட்டிய குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். கை நடுங்காமல் பார்க்க முடியாது. மற்றபடி இதமாக எண்ணெய் தேய்த்துவிடுவது நல்லதுதான், கற்பூரம் கலக்காத எண்ணெயாக இருக்கட்டும், கற்பூரம் வலிப்பை வரவழைக்கக்கூடியது.

தாத்தாக்களுக்கும் வேலை இருக்கிறது. காசநோய்க்கான பிசிஜி ஊசி, போலியோ சொட்டு, கல்லீரல் நோய்க்கான ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றும் போட்டாயிற்றா என்று டிஸ்சார்ஜுக்கு முன் கேட்பது, கடைசியாகச் சொன்னது 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. மகளுக்கு நெகட்டிவ் ரத்த வகை, குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் அடுத்த பிரசவத்துக் குழந்தையைக் காக்கும் ஆன்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் மகளுக்குப் போட்டார்களா என்று பார்ப்பது. இருமலோடு பார்க்க வருகிறவரை வாசலிலேயே உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்புவது. இந்தக் கடைசி வேலையைத் தாத்தாவைத் தவிர வேறு யார் செய்தாலும் சொந்தத்தில் மனஸ்தாபம் வரும்.

மஞ்சள் காமாலைக்குக் காலை வெயிலில் காட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, எப்போதானாலும் உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ உடனே காட்ட வேண்டும். பால் குடிக்க மறுத்து எழுப்பினாலும் எழாமல் தூங்கும் குழந்தை, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்கும் குழந்தை, தொட்டால் கொதிக்கிற அல்லது சில்லென்று இருக்கிற குழந்தை, வலிப்பு வந்த குழந்தை, இவர்கள் யாருக்கும் உரை மருந்து இழைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. 108ஐக் கூப்பிடுங்கள். ராத்திரி ரெண்டு மணியாக இருந்தாலும் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம், டியூட்டியில் எங்களில் ஒருவர் விழித்துத்தான் இருப்போம்.