ஒரு வயதுக்குள் குழந்தைக்குச் சிகிச்சை இலவசம்: ரேஷன் கார்டு கேட்டால் ஏமாற வேண்டாம்

அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரையுள்ள குழந்தையின் சிகிச்சைக்குக் காசு கிடையாது. மருந்து, பரிசோதனை, ரத்தம், ஆம்புலன்ஸ், வீடு திரும்ப வண்டி எல்லாம் இலவசம். இது 2011-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஜனனி சிசு சுரக்ஷா காரியக்கிரம் திட்டம். முதலில் பிறந்து 30 நாள் வரைதான் இருந்தது, பிறகு ஒரு வயதுவரை நீட்டினார்கள். பின்னணி இவ்வளவு போதும்.

இதற்கு வருமான வரம்பு இல்லை. எத்தனையாவது குழந்தை என்ற கேள்வியும் இல்லை. ஆனால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் நிபந்தனைகளைக் கொண்டுவந்து இதன் தலையில் கட்டுவார்கள். தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும், இரண்டு பிரசவத்துக்கு மட்டும் என்பதெல்லாம் அந்தப் பண உதவிக்கான விதி. மூச்சு வாங்கும் குழந்தைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாவது குழந்தையாயிற்றே, திட்டுவார்களே என்று பயந்து வீட்டிலேயே வைத்திருந்து, கைமீறிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். திட்டினால் திட்டட்டும், போய்ச் சேருங்கள்.

அடுத்தது பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் எண். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போன பெண்ணிடம், "உங்க பதிவு அந்த ஊர்ல இருக்கு, அங்கேயே போங்க" என்பார்கள். எந்த ஊர்ப் பதிவாக இருந்தாலும் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். காகிதத்தை அப்புறம் சரிசெய்யலாம். தாய் வீட்டுக்கு வந்ததும் அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். பிறந்த 42 நாள் வரை குழந்தையை அவர் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் இது விட்டுப்போகிறது.

தனியார் மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கும் அரசு மருத்துவமனையில் உரிமை உண்டு. கையில் இருப்பதெல்லாம் தீர்ந்த பிறகுதான் பலர் அங்கிருந்து கிளம்புகிறார்கள். அவ்வளவு காத்திருக்க வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பச்சிளம் குழந்தைப் பிரிவு இருக்கிறது.

"இந்த மருந்து ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிட்டு வாங்க" என்று துண்டுச்சீட்டு நீட்டினால், முதலில் நிலைய மருத்துவ அலுவலரிடம் போய்க் கேளுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பில்லையும் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். அவை இல்லாமல் புகார் நிற்காது.

பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தால் ஆட்டோ பிடிக்காதீர்கள். 108 வண்டியை வரவழைப்பது அனுப்புகிறவர்களின் வேலை. குறைமாதக் குழந்தை வழியில் குளிர்ந்து போவதே உயிருக்கு ஆபத்து. தாயின் மார்போடு ஒட்டி, தலையை மூடி வைத்திருங்கள். சிகிச்சை முடிந்து வீடு திரும்ப 102.

2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 13 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன் இறக்கின்றன. இந்தியா முழுக்க எடுத்தால் 28. பெரும்பாலும் முதல் 28 நாளுக்குள். குறைமாதம், எடைக்குறைவு, பிறக்கும்போது மூச்சுத்திணறல், கிருமித்தொற்று ஆகியவைதான் முக்கியக் காரணங்கள். அதனால் பால் குடிக்காவிட்டால், உடம்பு சில்லிட்டால் அல்லது கொதித்தால், நெஞ்சு உள்வாங்க மூச்சு இழுத்தால், வலிப்பு வந்தால், உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டும் நிற்காதீர்கள். சேர்க்க மறுத்தால் அந்த இடத்திலேயே நின்று 104 சுகாதார உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மறுத்தவரின் பெயர், பொறுப்பு, நேரம் மூன்றையும் சொல்லுங்கள்.