சைடு பீடிங் ஏன் பெயிண்டையும் பிய்த்துக்கொண்டு வருகிறது?

கார் கதவின் குறுக்கே ஓடும் அந்த பிளாஸ்டிக் பட்டையை, அதாவது சைடு பீடிங்கை, எடுக்க நினைப்பவர்களின் கை முதலில் ஸ்குரூடிரைவரைத்தான் தேடும். ஓரத்தில் நுழைத்து ஒரே நெம்பு. 'டக்'கென்று பட்டை கையோடு வந்துவிடும், அதன் முதுகில் காசளவு பெயிண்டும் ஒட்டியிருக்கும். "என்ன பசைய்யா இது!" என்று திட்டுவோம். ஆனால் அந்தப் பசை அவ்வளவு முரண்டு பிடித்ததற்குக் காரணம் நம்முடைய அவசரம்தான்.

பட்டைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக் நுரை டேப். சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன். நடுவில் நுரை, இரண்டு பக்கமும் பசை. நுரை எதற்கு? சூட்டில் பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு அதிகம் நீளும். ஒரு மீட்டர் நீளப் பட்டையை 40 டிகிரி சூடாக்கினால் அது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள இரும்புத் தகடு அரை மில்லிமீட்டர்தான் நீளும். இந்த இழுபறியை யாராவது தாங்கியாக வேண்டும். விறைப்பான பசையாக இருந்தால் ஒட்டு விட்டுப்போகும். நுரை சாய்ந்து கொடுத்துச் சமாளிக்கிறது.

நமக்கு வேண்டிய குணமும் இதற்குள்தான் இருக்கிறது. இந்த அக்ரிலிக் முழுத் திடமும் இல்லை, முழுத் திரவமும் இல்லை. தார்க்கட்டியைச் சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாக உடையும். அதையே மேசைமேல் வைத்துவிட்டு மறந்துபோனால், நாள்பட மெல்லப் பரவி வழிந்திருக்கும். நுரை டேப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். வெடுக்கென்று இழுத்தால் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நகர நேரம் கிடைக்காது. விறைத்துக்கொண்டு மொத்த விசையையும் அப்படியே பெயிண்டுக்குக் கடத்திவிடும். மெதுவாக இழுத்தால் சங்கிலிகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, டேப் நூல்நூலாக நீளும். சூடாக்கினால் வழுக்கல் இன்னும் எளிது. குளிர்ந்த காலையில் இந்த வேலையைத் தொடங்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

சரி, பெயிண்டின் பக்கம் வருவோம். தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு. எல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான், ஒன்றிரண்டு தலைமுடியின் தடிமன். இழுக்கும்போது இந்த அடுக்குகளில் எது மிக பலவீனமோ அது பிரியும். ஆலையில் அடித்த பெயிண்ட் ஏறக்குறைய 140 டிகிரியில் சுட்டு இறுக்கப்பட்டது, சாதாரணமாகத் தாக்குப்பிடிக்கும். விபத்துக்குப் பிறகு பட்டறையில் அடித்த பெயிண்ட் 60 டிகிரி வாக்கிலோ வெறும் காற்றிலோ உலர்ந்தது. அடித்தளத்தைச் சரியாகத் தேய்க்காமல் அடித்திருந்தால், எவ்வளவு பக்குவமாக எடுத்தாலும் அது பிரிந்து வரலாம். கதவு மறுபெயிண்ட் கண்டதா என்பதைத் தெரிந்துகொண்டு கை வைப்பது நல்லது.

இந்தத் தலைவலி காருக்குப் புதிதல்ல. 1920களில் இரட்டை நிறக் கார்கள் பிரபலமானபோது, எல்லைக்கோட்டுக்காக ஒட்டிய டேப்பை உரித்தால் புதுப் பெயிண்டும் சேர்ந்து வந்தது. பெயிண்டர்கள் எரிச்சலில் திட்டியதைக் கேட்ட ரிச்சர்ட் ட்ரூ என்ற 3எம் நிறுவன ஊழியர் 1925இல் உருவாக்கியதுதான், பெயிண்டைப் பிய்க்காமல் உரிந்து வரும் மாஸ்கிங் டேப்.

இப்போது வேலைக்கு வருவோம். முதலில் பட்டையைச் சுற்றி நன்றாகக் கழுவுங்கள். மண்துகளில் இருக்கும் குவார்ட்ஸ் கிளியர் கோட்டைவிடக் கடினமானது; கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான். அப்புறம் ஹேர் டிரையரை ஓரிடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டி, ஒன்றரைச் சாண் நீளத்துக்குச் சூடேற்றுங்கள். தகட்டில் உள்ளங்கையை ஓரிரு வினாடிக்கு மேல் வைக்க முடியவில்லை என்றால் போதும், அது 60 டிகிரி வாக்கில் இருக்கும். ஹீட் கன் வேண்டாம் என்பேன். அதன் காற்று பல நூறு டிகிரிக்குப் போகும். ஒரு நொடி கவனம் சிதறினால் கிளியர் கோட் கொப்பளித்துவிடும்.

சூடு ஆறுவதற்குள் தூண்டில் நரம்பைப் பட்டைக்குப் பின்னால் நுழைத்து, ரம்பம் போல இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நரம்பு விரலைத்தான் முதலில் அறுக்கும். நரம்பைப் பட்டையின் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் அது நுரைக்குள்ளேயே ஓடும். நெம்பும்போது விசை பெயிண்டைத் தகட்டிலிருந்து தூக்கப் பார்க்கும். அறுக்கும்போது விசை முழுவதும் நரம்பு தொடும் மெல்லிய கோட்டில் குவிந்து நுரையை மட்டும் பிளக்கிறது. பெயிண்டுக்கு வேலையே இல்லை. நடுவில் நரம்பு எங்காவது முட்டி நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள். சில பட்டைகளில் டேப்போடு சேர்த்து, கதவின் துளைக்குள் போகும் பிளாஸ்டிக் ஆணியும் இருக்கும். அப்படிப்பட்ட பட்டையை எடுத்தால் கதவில் ஓட்டை மிஞ்சும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பட்டை போனபின் கதவில் நுரையின் பாதி அழுக்குக் கோடாக நிற்கும். பொறுமை அதிகம் கேட்பது இந்தக் கட்டம்தான். மறுபடி சூடுகாட்டிக் கட்டைவிரலால் உருட்டுங்கள். பசை கதவை விட்டுத் தன்மேலேயே ஒட்டிக்கொண்டு உருளைகளாகத் திரளும். மிச்சத்துக்குப் பசை நீக்கி. தடவிய உடனே துடைத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்பவர்கள் நிறையப் பேர். இந்த அக்ரிலிக்கின் சங்கிலிகள் குறுக்கே கோத்துப் பின்னப்பட்டவை. கரைப்பானில் சர்க்கரை போலக் கரையாது, பஞ்சு போல ஊறி உப்பும். அதனால் துணியை நனைத்து ஐந்து நிமிடம் மேலே போட்டு வையுங்கள். உப்பிய பசை பிளாஸ்டிக் சுரண்டிக்குச் சுலபமாக வரும். தின்னர், அசிட்டோன் பக்கம் போக வேண்டாம். பட்டறைப் பெயிண்டையும் அவை அதே மாதிரி ஊற வைத்துவிடும்.

எல்லாம் முடிந்து துடைத்துப் பார்த்தால், பட்டை இருந்த இடம் தனியாகப் பளிச்சென்று தெரியலாம். அது கறையல்ல. இத்தனை வருடம் புற ஊதாக் கதிர் படாமல் தப்பிய பழைய நிறம். பாலிஷ் போட்டால் சுற்றியுள்ள மங்கிய மேற்பரப்பு ஓரிரு மைக்ரான் தேய்ந்து வித்தியாசம் குறையும். நிறமே வெளுத்திருந்தால் அந்தக் கோடு அங்கேயேதான் இருக்கும்.