ஓராண்டு சர்டிபிகேட்டுக்கு ராமநாதபுரத்தில் என்ன வேலை கிடைக்கும்?

மே, ஜூன் வந்துவிட்டால் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் தொடங்கி மண்டபம் வரை சுவரெல்லாம் நர்சிங் போஸ்டர்தான். பத்தாவது பாஸோ ஃபெயிலோ, ஓராண்டில் நர்ஸ் ஆகலாமாம். தனியார் மருத்துவமனையில் நர்சிங் பொறுப்பில் இருக்கிறேன். உதவியாளர்களை வேலைக்கு எடுப்பதும் என் பாடுதான். அதனால் பட்டென்று சொல்லிவிடுகிறேன்: அந்தப் படிப்பில் யாரும் நர்ஸ் ஆக முடியாது.

நர்ஸ் ஆவதற்கான படிப்புகள் வேறு: ஏஎன்எம் (துணைச் செவிலியர் படிப்பு) இரண்டு ஆண்டு, ஜிஎன்எம் (செவிலியர் டிப்ளமோ) மூன்று, பிஎஸ்சி நர்சிங் நான்கு. முடித்தபின் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டுப் படிப்புக்கு அந்தப் பதிவு கிடையாது; பதிவில்லாதவர் ஊசி போடக் கூடாது. ராத்திரி டூட்டியில் ஆள் இல்லையென்று போடச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. ஏதாவது ஆகிவிட்டால் போடச் சொன்னவர் கைகழுவிவிடுவார், போட்ட பிள்ளைதான் மாட்டும்.

சரி, அப்படியானால் உதவியாளர் வேலையே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். நம் கரையில் ஆள்தேவை இருக்கத்தான் செய்கிறது. 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அரசு மருத்துவமனைகளில் வார்டைச் சுத்தம் செய்வது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனம் வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். அதை 'கவர்ன்மென்ட் வேலை' என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்தப் பணி அறிவிப்புகள் மாவட்ட இணையதளத்திலேயே வரும், அங்கே பார்த்து நீங்களே விண்ணப்பிக்கலாம்.

ஆனால் எனக்கு அதிகம் போன் வருவது வீடுகளிலிருந்துதான். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் துபாயிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். இங்கே பெரியவர்கள் மட்டும்தான். பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது, "உம்மாவைப் பாத்துக்க ஒரு ஆள் சொல்லுங்க சிஸ்டர்" என்பார்கள். உம்மாவுக்கு எப்படியோ ஆள் கிடைத்துவிடும். வாப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்ட ஆம்பளை ஆள் கேட்டால்தான் திண்டாட்டம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் சும்மா இருக்கும் பையன்களிடம் சொன்னால், "பீ மூத்திரம் அள்ளுற வேலையா அக்கா?" என்கிறார்கள். ஆமாம், அதுவும் உண்டு. அதை மறைத்துக் கூப்பிட்டால் மூன்றாம் நாளே ஓடிவிடுவார்கள்.

வேலை கேட்டு வருகிறவரின் சர்டிபிகேட்டை நான் அப்புறம்தான் பார்ப்பேன். முதலில், கட்டிலில் இருப்பவரை வீல்சேருக்கு மாற்றச் சொல்வேன். பிரேக் போடாமலே தூக்கப் போகிறவர்கள்தான் நிறைய. செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பவர்களும் உண்டு. அப்படி இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடலாம். நாற்காலியை நோயாளியின் நல்ல பக்கமாகக் கொண்டுவந்து, பிரேக்கைப் பூட்டி, இடுப்பில் பிடித்து எழுப்பத் தெரிந்தால் போதும், மீதியை நான் கற்றுக்கொடுத்துக்கொள்வேன். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அப்படிப் புரட்டும்போது முதுகின் அடிப்பகுதி சிவந்திருக்கிறதா என்று பார்க்கிற பழக்கமும் வேண்டும். படுக்கைப்புண் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஆகவே, சேருவதற்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: வார்டில் எத்தனை நாள் பயிற்சி, எந்த மருத்துவமனையில்? வகுப்பறையில் பொம்மையை வைத்தே முடித்துவிடுவோம் என்றால் அந்த ஃபீஸ் வீண். கட்ட வசதியில்லாத கிராமத்துப் பிள்ளைகள் மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். தீன்தயாள் உபாத்யாயா திட்டத்தில் தங்குமிடத்தோடு இலவசப் பயிற்சி உண்டு. 'ஜெனரல் டூட்டி அசிஸ்டென்ட்' வகுப்பு இப்போது நடக்கிறதா என்று கேளுங்கள்.

சம்பளம் பேசும்போது கையில் வருவதை மட்டும் பார்க்காதீர்கள். 21,000 ரூபாய் வரை மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வரம்புக்குள் வருவார்கள். 12,000 ரூபாய்க்குப் பிடித்தம் வெறும் 90 ரூபாய்தான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் கேட்டு வாங்குங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது.

ஓராண்டு சர்டிபிகேட்டை வைத்து வளைகுடாவுக்கு 'நர்ஸ் விசா' என்பவரை நம்பாதீர்கள். அங்கே நர்ஸ் வேலைக்குக் கவுன்சில் பதிவும் உரிமத் தேர்வும் வேண்டும். இறங்கியபின் வீட்டுவேலைக்கு விட்டுவிடுவார்கள். ஏஜெண்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான்.

உள்ளூரில் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் முதல் நாளே நாலு விஷயம் எழுதி வாங்குங்கள்: எத்தனை மணி நேரம், எங்கே தூங்குவது, வாரத்தில் எந்த நாள் லீவு, சமையலும் துணி துவைப்பதும் சேர்த்தியா இல்லையா. பெரியவரைப் பார்க்கப் போன பிள்ளையைக் குடும்பத்துக்கே மீன் கழுவச் சொன்ன வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.