ஆடியில் போட வேண்டிய ஊசி

ஆடி மாதத்துப் புதன்கிழமை. துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒன்றரை வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறையிலிருந்து அவனுடைய தடுப்பூசி அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

"ஃப்ளூ ஊசி தனியாகப் போட வேண்டும் என்று கும்பகோணத்து டாக்டர் சொல்கிறார், அக்கா. இதில் ஏற்கெனவே போட்டிருக்கிறார்களே?"

அவள் விரல் வைத்த இடத்தில் 'பென்டாவேலன்ட்' என்று இருந்தது. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போட்ட மூன்று தவணை. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றோடு அந்த ஊசி தடுக்கும் ஐந்தாவது கிருமியின் பெயர் 'ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி'. ஃப்ளூவின் முழுப்பெயர் இன்ஃப்ளுயன்சா. கிருமியின் பெயரில் அது இருந்தாலும் ஃப்ளூவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1892-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ரிச்சர்டு ஃபைஃபர் ஃப்ளூ நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, நோய்க்குக் காரணம் அதுதான் என்று நினைத்தார். மனிதரைத் தாக்கும் ஃப்ளூ வைரஸ் 1933-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்குள் தவறான பெயர் பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் பாக்டீரியா குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் தருவது. அதற்கான தடுப்பூசி அவசியமானதுதான். ஆனால் ஃப்ளூ வைரஸை அது தடுக்காது. ஃப்ளூ ஊசி அரசின் இலவச அட்டவணையில் குழந்தைகளுக்கு இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஆண்டுதோறும் போடலாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. தனியார் மருத்துவமனையில் ஒரு தவணைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது.

"ஆண்டுதோறுமா? தட்டம்மைக்கு இரண்டு தவணையோடு முடிகிறதே?" என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி. விடை அவள் மாமனாரின் வயலிலேயே இருக்கிறது.

நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சி விழுந்த வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பச்சைப் பயிருக்கு நடுவே வட்டம் வட்டமாகத் தீய்ந்து கிடக்கும். அந்தப் பூச்சியைத் தாங்கும் ரகம் என்று பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973-இல் ஐ.ஆர்.26-ஐ வெளியிட்டது. சில ஆண்டுகளிலேயே அந்த ரகத்தின் சாற்றையும் உறிஞ்சும் புகையான் பெருகிவிட்டது. நெல் மாறவில்லை, பூச்சிக் கூட்டம்தான் மாறியது. ஃப்ளூ வைரஸ் செய்வதும் இதே வேலைதான், இன்னும் வேகமாக.

வைரஸின் மேற்பரப்பில் ஹீமாக்ளூட்டினின் என்ற புரதம் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் உள்ள செல்லைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைவதற்கு வைரஸுக்கு உதவுவது இந்த முள்தான். ஆகவே நம் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள்களும் அந்த முள்ளின் நுனியைத்தான் குறிவைத்து மூடுகின்றன. ஆனால் இந்த வைரஸ் தன் மரபுச் செய்தியான ஆர்.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும்போது பிழை பார்ப்பதில்லை. அவ்வப்போது எழுத்துப் பிழை விழும். பெரும்பாலான பிழைகள் வைரஸையே கெடுத்துவிடும். ஒன்றிரண்டு பிழைகள் முள்ளின் வடிவத்தைச் சற்றே மாற்றும். போன ஆண்டின் எதிர்ப்புப் பொருள் புதிய முள்ளில் சரியாகப் பொருந்தாது. தட்டம்மை வைரஸிலும் பிழைகள் விழத்தான் செய்கின்றன; ஆனால் அதன் முள் அவ்வளவு எளிதில் மாற முடியாதபடி அமைந்திருக்கிறது.

இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை கூடி, உலகில் சுற்றும் வைரஸ்களைப் பார்த்து அடுத்த ஊசியில் எவை இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. ஃப்ளூ வைரஸின் பி வகையில் யாமகட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்கும் தென்படவில்லை என்பதால், நான்கு வைரஸ் ஊசியிலிருந்து மீண்டும் மூன்று வைரஸ் ஊசிக்கே திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். தேர்ந்தெடுத்த வைரஸைப் பெரும்பாலும் அடைகாத்த கோழி முட்டைக்குள் வளர்த்து, மருந்தால் கொன்று, உடைத்துச் சுத்தம் செய்கிறார்கள். ஊசியில் இருப்பது அந்த உடைந்த துண்டுகள். அவற்றால் பெருக முடியாது. எனவே இந்த ஊசியால் ஃப்ளூ வராது. கை வலிக்கும், ஓரிரு நாள் உடம்பு சுடலாம். கடுமையான ஒவ்வாமை மிக அரிது, பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு. அதற்காகத்தான் போட்டதும் சற்று நேரம் உட்காரச் சொல்கிறார்கள்.

பலன் எவ்வளவு? முள்ளும் ஊசியும் நன்றாகப் பொருந்திய ஆண்டில், மருத்துவரிடம் ஓட வைக்கும் ஃப்ளூவின் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் குறைகிறது. இந்த எண்ணை மறைத்து ஊசிக்குப் பரிந்து பேசுகிறவர்களால்தான், "போட்டும் காய்ச்சல் வந்துவிட்டதே" என்று சொல்லும் தாய் அடுத்த ஆண்டு வராமல் போகிறாள். மழைக்காலத்தில் குழந்தைக்கு வரும் சளியில் பெரும்பகுதி வேறு வைரஸ்களால் வருவது. அவற்றை இந்த ஊசி தொடாது. நெஞ்சில் சளி கட்டி, மூச்சுக்கு விலா உள்வாங்கும் நிலைக்குப் போவதையும் மருத்துவமனைப் படுக்கையையும் பாதி குறைக்கும் என்றாலே, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது பெரிய லாபம் என்பது என் கருத்து. ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ள பிள்ளை என்றால் நான் யோசிக்கவே மாட்டேன்.

காவிரி டெல்டாவில் எல்லாரும் கோட்டை விடுவது காலக்கணக்கில்தான். வட இந்தியாவின் பல ஊர்களில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையில் உச்சம் தொடுகிறது. சென்னையிலும் வேலூரிலும் பார்த்தபோது உச்சம் அக்டோபருக்குப் பிறகு, வடகிழக்குப் பருவமழையோடு வந்தது. தஞ்சையும் திருவாரூரும் நாகையும் நனைவது அதே மழையில்தான். ஐப்பசி அடைமழையில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் எல்லாரும் நெருக்கியடித்து இருப்போம். தீபாவளிக்கு ஊரே பஸ்ஸில் இருக்கும். மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் கடைமுக முழுக்குக்குக் கூட்டம் நெரியும். காய்ச்சல் வந்தபின் ஊசி தேடுவதில் பயனில்லை. எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் வேண்டும்.

சிறு பிள்ளைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். ஒன்பது வயதுக்குள் முதன்முறையாகப் போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. முதல் தவணை நாற்று விடுவது, இரண்டாவது நடவு. இதற்கு முன் ஃப்ளூவைப் பார்த்திராத உடலுக்கு நாற்று மட்டும் போதாது. ஆக மொத்தம் ஆறு வாரம். ஐப்பசியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆவணி நடுவுக்குள் முதல் ஊசி விழுந்திருக்க வேண்டும்; ஆடிக் கடைசியிலேயே போட்டுவிட்டால் கைவசம் சில நாள் மிஞ்சும். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது இதற்கும் பொருந்துகிறது. அட்டைப்பெட்டியின் மேல் எந்த ஆண்டுக்கான ஊசி என்று அச்சிட்டிருக்கும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். பையனுக்கு இரண்டு தவணை, அதற்கான பணம். பிறகு வயிற்றைத் தொட்டு, "கார்த்திகையில் பிறக்கும் இதற்கு?" என்றாள்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது. ஆனால் கர்ப்பிணிக்குப் போட்டால் அவள் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். பிறந்த முதல் சில மாதங்களுக்கு அதுதான் அதற்குக் காவல். கார்த்திகை என்றால் மழைக்காலத்தின் நடுவிலேயே பிறக்கும்.

"அப்படியானால் முதல் ஊசி எனக்கு" என்றாள். பேனா கேட்டு வாங்கி, மகனின் அட்டையின் பின்பக்கம் மூன்று தேதிகளை எழுதிக்கொண்டாள்.