நல்கை: ‘கிராண்ட்’ என்பதற்கு ‘மானியம்’ ஏன் பொருந்தாது?

காலநிலை மாற்றம் பற்றிய ஆய்வுக்கு ஒரு தனியார் அறக்கட்டளை பணம் தந்தால், ஆங்கிலத்தில் அது ‘கிராண்ட்’ (grant); தமிழில் அதைப் பெரும்பாலும் ‘மானியம்’ என்றே எழுதுகிறோம். வேறு துறைகளில் இது பெரிய சிக்கல் இல்லை. காலநிலைத் துறையில் பொருளே தலைகீழாகிவிடுகிறது. பெட்ரோல், டீசல், நிலக்கரி ஆகியவற்றின் விலையைத் தாழ்த்தி வைக்க அரசுகள் தருவதும் மானியம்தான். 2009இல் பிட்ஸ்பர்க் நகரில் கூடிய ஜி20 தலைவர்கள் படிப்படியாகக் குறைப்பதாக ஒப்புக்கொண்டது அந்த எரிபொருள் மானியங்களையே. கரியுமிழ்வைக் கூட்டும் பணத்துக்கும் அதைக் குறைக்க வழிதேடும் பணத்துக்கும் ஒரே பெயர் இருந்தால், படிப்பவர் எதை எதுவென்று பிரித்தறிவார்?

‘கிராண்ட்’ ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு உறுதி கூறுதல், ஒப்புதல் தருதல் என்று பொருள். அதற்கும் அடியில் இருப்பது ‘நம்பு’ எனப் பொருள்படும் ‘கிரெதெரே’ என்ற இலத்தீன் வினை. ‘கிரெடிட்’ பிறந்ததும் அதே வேரில்தான். நம்பிக் கொடுப்பது இரண்டுக்கும் பொது; கடன் திரும்பி வர வேண்டும், கிராண்ட் திரும்ப வேண்டியதில்லை. மன்னர்கள் நிலமும் உரிமையும் வழங்கியதைக் குறித்த சொல், பின்னர் குறித்த நோக்கத்துக்காகத் தரும் பணத்தையும் குறிக்கலாயிற்று.

‘குறித்த நோக்கம்’ என்பதுதான் இதன் உயிர். புவியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேனின் கசிவை விண்ணிலிருந்து அளக்க உருவான ‘மீத்தேன்சாட்’ செயற்கைக்கோளுக்குப் பணம் தந்தவற்றுள் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் ‘பெசோஸ் புவி நிதியமும்’ ஒன்று. 2024 மார்ச்சில் ஏவப்பட்ட அந்தக் கோளோடு 2025 ஜூனில் தொடர்பு அறுந்துபோனது. கடனாக இருந்திருந்தால் அந்தத் தொகை தலைமேல் சுமையாக நின்றிருக்கும். கிராண்ட் பெற்றவரின் கடமையோ, சொன்ன வேலைக்குச் செலவிட்டதற்குக் கணக்கும் அறிக்கையும் தருவது. தோற்கக்கூடிய ஆய்வையும் தொடங்க முடிவது இதனால்தான். 1930களில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் இயற்கை அறிவியல் பிரிவை நடத்திய வாரன் வீவர், உயிரியலை இயற்பியல், வேதியியல் கருவிகளால் ஆராய்ந்தோருக்குத் தொடர்ந்து நிதி வழங்கினார். ‘மூலக்கூற்று உயிரியல்’ என்ற பெயரே 1938இல் அவர் எழுதிய அறிக்கையில்தான் வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மானியம்’ வடமொழியின் ‘மான்யம்’. மதிப்புக்குரியது என்பது பொருள். வரி நீக்கி விடப்பட்ட நிலத்தைக் குறித்து வந்த அச்சொல், இன்று விலைச் சலுகை என்ற பொருளில் ஊன்றிவிட்டது. அதை அங்கேயே விட்டுவிடலாம். ‘நன்கொடை’யும் பொருந்தாது, கொடுத்தவர் கணக்குக் கேட்காத ஈகையும் அதில் அடங்கும்.

என் தேர்வு ‘நல்கை’. ‘நல்கு’ என்றால் விரும்பிக் கொடு, அருள்செய். வான்சிறப்பில் வள்ளுவர் முகிலுக்கு இந்த வினையைத்தான் வைத்தார்: “தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்” நெடுங்கடலும் தன் தன்மையில் குன்றும் என்கிறார். மழையைப் பற்றிய கவலையே பெரிதாகிவிட்ட ஒரு துறைக்கு இதைவிட நெருக்கமான வேர்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவை ‘நல்கைக் குழு’ என்று எழுதுவோர் முன்பே உண்டு; ‘நிதிநல்கை’யும் புழக்கத்தில் இருக்கிறது.

‘அறக்கட்டளை’யில் ஒரு சிறு நெருடல். ‘டிரஸ்ட்’, ‘பவுண்டேஷன்’ இரண்டுக்கும் அதையே சொல்கிறோம். அமெரிக்கச் சட்டத்தில் தனியார் அறக்கட்டளை என்பது பெரும்பாலும் ஒரு குடும்பமோ நிறுவனமோ தந்த மூலதனத்தைக் கொண்டு நடப்பது. நல்கை மட்டுமே வழங்கும் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தம் முதலீட்டுச் சொத்தில் சுமார் 5 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும். அந்த வகையைச் சொல்லும்போது ‘தனியார்’ என்ற அடைமொழியை விடாமல் எழுதுவது நல்லது.

கொடுப்பவர் நல்குநர், பெறுபவர் நல்கை பெறுநர், அதைக் கேட்டு எழுதுவது நல்கை விண்ணப்பம். மாணவருக்குத் தனிப்பட்ட முறையில் தரும் தொகை மட்டும் எப்போதும்போல உதவித்தொகையாகவே இருக்கட்டும்.